பழைய டிவி கேமுக்கு ஆர்கேட் ஜாய்ஸ்டிக்: வீட்டிலேயே மாற்றப் பயனுள்ள குறிப்புகள்

அலுமாரி மேல் பழைய டிவி கேம் கிடக்கும் வீடுகள் மலையகத்தில் இன்னும் உண்டு. பெரும்பாலும் கன்சோல் கெட்டிருக்காது. பேடுக்குள் இருக்கும் கரி பூசிய இறப்பர்தான் தேய்ந்திருக்கும், மழைக்கால ஈரத்தில் தொடுமுனைகள் களிம்பேறியிருக்கும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் லீவரையும் பட்டன்களையும் அதற்குப் பதிலாகப் பொருத்தினால் நெடுங்காலம் உழைக்கும். ஒரு பட்டன் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். சின்னச் சாமானுக்கும் ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கொழும்புவரை போய்வரும் நமக்கு இது பெரிய லாபம்.

1. எந்த வகைக் கன்சோல் என்று முதலில் பாருங்கள். 1977இல் வந்த அட்டாரி 2600 வகை ஜாய்ஸ்டிக்கில் வெறும் சுவிட்சும் வயரும்தான். நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்களாக வந்த டிவி கேம்களின் பேடுக்குள் ஒரு சிப் இருக்கும். அந்தச் சின்ன போர்டை எறிந்துவிடாதீர்கள். புதுப் பெட்டிக்குள் அதையே வைத்துத்தான் வயர் இழுக்க வேண்டும்.

2. ஒன்பது பின் பிளக்கைக் கண்டு ஏமாற வேண்டாம். அட்டாரி, சேகா மெகா டிரைவ், பல நகல் டிவி கேம்கள் எல்லாவற்றிலும் பிளக் ஒரே வடிவம். உள் இணைப்பு வேறு வேறு. மாற்றிச் செருகினால் கன்சோல் பழுதாகலாம். அட்டாரியில் 1 மேல், 2 கீழ், 3 இடது, 4 வலது, 6 சுடும் பட்டன், 8 கிரவுண்ட் எனும் பொது வயர்.

3. நகல் டிவி கேமுக்கு வேண்டிய சாமான்கள்: எட்டுத் திசை லீவர் 1, 30 மி.மீ. பட்டன் 2, ஸ்டார்ட், செலக்ட் இரண்டுக்கும் 24 மி.மீ. பட்டன் 2, பல நிறங்களில் மெல்லிய வயர், 25 வாட் சோல்டரிங் அயன், மல்டிமீட்டர். வயர், ஈயம் போன்றவற்றுக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் எலக்ட்ரோனிக் கடைகள் பேர்போனவை. பட்டியலை எழுதிக்கொண்டு போனால் ஒரே பயணத்தில் முடியும்.

4. பழைய தேயிலைப் பெட்டிப் பலகை வீட்டில் இருந்தால் மேல்தட்டுக்கு நல்லது. மெல்லிய பலகைக்கு அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பட்டன் சரி. தடித்த பலகைக்குத் திருகிப் பூட்டும் பட்டன் வாங்குங்கள். பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் உலோகத் தாளை முழுவதும் உரித்துவிட வேண்டும்; மின்முனையில் பட்டால் ஷோர்ட் ஆகும். மிகப் பழைய பெட்டிகளில் அது ஈயமாக இருக்கக்கூடும். ஈரத் துணியால் நனைத்து உரித்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளை அதில் கைவைக்க விடாதீர்கள்.

5. துளை போடுமுன் அட்டையில் வரைந்து கைவைத்துப் பாருங்கள். லீவர் இடப்பக்கம், பட்டன்கள் வலப்பக்கம். இரு பட்டன்களின் நடுப்புள்ளிகளுக்கிடையே 36 மி.மீ. அளவு இடைவெளி விரல்களுக்கு வசதி. மணிக்கட்டு பலகையில் சாய்ந்திருக்க முன்புறம் இடம் விடுங்கள்.

6. முதலில் நடுவில் சிறு துளை, பிறகு வட்ட வாள். வட்ட வாள் இல்லையென்றால் தோட்டத்துத் தச்சு பாஸிடம் கொடுத்தால் நொடியில் போட்டுத் தருவார். விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள்.

7. பேடைக் கன்சோலிலிருந்து கழற்றிய பிறகே போர்டைத் திறக்கவும். ஒவ்வொரு பட்டனின் கீழும் இரண்டு பாதிகளாகக் கருப்புத் தடம் தெரியும். பொதுவாக ஒரு பாதி எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவான கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து அதைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றப் பாதிதான் அந்தந்தப் பட்டனுக்கு உரியது. நான்கு திசை, ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட், கிரவுண்ட் என மொத்தம் ஒன்பது வயர்.

8. கருப்புக் கரியின் மேல் ஈயம் ஒட்டாது. அந்தத் தடத்தோடு சேர்ந்த செம்புக் கோட்டில் பச்சைப் பூச்சை மெல்லச் சுரண்டி, செம்பு மின்னியதும் அங்கே பற்றவையுங்கள். இரண்டு மூன்று வினாடிக்கு மேல் சூடு காட்டினால் தடம் உரிந்துவிடும். வயர் அசையாமல் இருக்க ஒரு சொட்டுச் சூட்டுப் பசை விடுங்கள்.

9. பட்டன் கால்களில் நேரே பற்றவைத்தால் பிளாஸ்டிக் இளகும். வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் டெர்மினலைச் செருகுவதே நல்லது. பிறகு கழற்றுவதும் சுலபம். மூன்று கால் சுவிட்ச் என்றால் 'கொம்', 'என்.ஓ.' என்று குறித்த இரண்டில் மட்டும் இணையுங்கள்.

10. லீவர் வேலை செய்வது தலைகீழாக. பிடியை மேலே தள்ளினால் அடிமுனை கீழே நகர்ந்து கீழ்ப்பக்கச் சுவிட்சை அழுத்தும். ஆகவே 'மேல்' வயர் கீழ்ச் சுவிட்சுக்கும், 'இடது' வயர் வலச் சுவிட்சுக்கும் போக வேண்டும்.

11. 1980இல் வந்த பேக்-மேன் போன்ற ஆட்டங்களுக்கு நான்கு திசையே தேவை. லீவரின் அடியிலுள்ள கேட் தட்டைத் திருப்பி வைக்கும் வசதி இருந்தால் எட்டை நான்காக்கலாம்.

12. நம் ஊர் பனிமூட்டமும் ஈரமும் தொடுமுனைகளுக்கு எதிரி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள். அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டினால் பெட்டி நழுவாது, தரை ஈரமும் ஏறாது. இடி மின்னல் நேரத்தில் கன்சோலின் பிளக்கையும் டிவியின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

13. எந்த நிற வயர் எந்தப் பட்டனுக்கு என்று தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். கெட்டதைத் தூக்கியெறியாமல் திறந்து பார்க்கும் துணிவு அவர்களுக்கு வரும். வானொலியோ மின்விசிறியோ பழுதானாலும் அந்தத் துணிவு கைகொடுக்கும்.