வணிகர் அறிய வேண்டியவை: குறை கோழியிலா, மசாலாவிலா?



கோழிக்கறிக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கியவர் வீடு திரும்பும் வழியில் நம் கடையில்தான் மிளகு, சீரகம், மசாலா பாக்கெட் வாங்குகிறார். குழம்பு சரியில்லை என்றால் பழி நம் சரக்கின்மேல் விழுகிறது.

கடலூர் முதுநகரில் மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சிதம்பரத்தில் நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு தம்பி இரண்டு பெட்டி கோழி மசாலாவைத் திருப்பி அனுப்பினார். “அண்ணாச்சி, நாட்டுக்கோழி வாங்கிச் சமைச்சவங்க மூணு பேரு வந்து சத்தம் போட்டாங்க. கறி சக்கையாப் போச்சாம், குழம்பும் சப்புனு இருக்காம்” என்றார். நானும் விசாரிக்காமல், அந்த மசாலாவை வீட்டிலேயே அரைத்துக் கொடுத்துவந்த அம்மாவிடம் கொள்முதலை நிறுத்திவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அந்த வாரங்களில் அங்கே நாட்டுக்கோழி என்று விற்றது பண்ணையில் வேகமாக வளர்த்த கலர் கோழி. இளங்கறியை நாட்டுக்கோழிக்கு வேக வைப்பதுபோல் வெகுநேரம் வேக வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வகை நார்

கறி என்பது தசை நார்களின் கட்டு. நாரில் முக்கியமாக இரண்டு வகை. சிவப்பு நார் மெதுவாக, நெடுநேரம் உழைக்கும். மயோகுளோபின் என்னும் சிவப்புப் பொருளும் சற்றுக் கொழுப்பும் அதில் கூடுதல். வெள்ளை நார் சட்டென்று வேகம் காட்டிச் சீக்கிரம் களைத்துவிடும்.

கோழி நாள் முழுதும் நடக்கிறது, ஆனால் நெடுந்தூரம் பறப்பதில்லை. ஆகவே அதன் நெஞ்சுக்கறி ஏறக்குறைய முழுவதும் வெள்ளை நார். தொடையில் இரண்டும் கலந்திருக்கும். நெஞ்சு சீக்கிரம் வறண்டு போவதும் தொடை சாறோடு இருப்பதும் இதனால்தான். நெடுந்தூரம் பறக்கும் புறாவின் நெஞ்சு சிவந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மரபணுவின் வேலை

எந்த நார் எங்கே அமைய வேண்டும் என்பதை மரபணுக்கள் பெரும்பாலும் முட்டைக்குள்ளேயே முடிவு செய்கின்றன. அடைகாக்கும் 21 நாட்களில் நார்களின் எண்ணிக்கை அநேகமாக முடிவாகிவிடும். குஞ்சு பொரித்த பின் நார் பருக்கிறதே தவிர, எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. தசை அளவு மீறாமல் தடுக்கும் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவை 1997இல் அமெரிக்காவில் எலியிடம் கண்டுபிடித்தார்கள். கோழிக்கும் அது உண்டு. கோழி இனத்தின் மூதாதையான செங்காட்டுக்கோழியின் மரபணுத் தொகுதி 2004இல் வெளியானது.

ஊசியா, இனமா?

பிராய்லர் கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டாது. உண்மைக் காரணம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணை சேர்த்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் சராசரி எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றே, இனம்தான் வேறு.

ஆனால் வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. நார் மிகவும் பருத்தால் அதற்கு ரத்த ஓட்டம் போதாது. நெஞ்சுக்கறியில் வெள்ளைக் கோடுகள் விழுவதும், சில கறி கட்டைபோல் விறைப்பதும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பல நாடுகளில் பேசப்படுகின்றன. ருசி குறையுமே தவிர, அது நோய்க்கறி அல்ல.

கறி ஏன் தண்ணீர் விடுகிறது?

வெள்ளை நாரில் சர்க்கரைச் சத்து சேமிப்பில் இருக்கும். அறுத்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறும். வெயிலில் வாடி, மிரண்ட கோழியில் உடல் சூடு தணியும் முன்னே இம்மாற்றம் விரைந்து நடக்கும். கறி வெளுத்து, தொளதொளத்து, நீர் விடும். நாமக்கல், பல்லடம் பக்கமிருந்து லாரியில் வரும் கோழியைக் கத்திரி வெயிலில் இறக்கியதும் அறுத்தால் எடையும் போகும், ருசியும் போகும்.

நாட்டுக்கோழி எப்படி வேறு?

நாட்டுக்கோழி மெதுவாக வளர்வதால் நார் மெல்லியது. ஐந்தாறு மாதம் ஆவதால் நார்களைக் கட்டும் கொலாஜன் என்ற சவ்வு முறுக்கேறியிருக்கும். ஆகவேதான் நெடுநேரம் வேக வேண்டும். வெந்தால் சாறு இறங்கிக் குழம்புக்குத் திடம் வரும். ஐந்தாறு வாரத்துப் பிராய்லரில் இம்முறுக்கு இல்லை. இறகின் நிறத்தை வைத்து மட்டும் நாட்டுக்கோழி என்று முடிவு செய்யக்கூடாது.

கடைக்காரர் கவனத்திற்கு

1. மசாலா விற்கும்போது “என்ன கோழி, எத்தனை மாதத்துக் கோழி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

2. பிராய்லருக்குக் குறைந்த நேரம், நாட்டுக்கோழிக்குக் கூடுதல் நேரம் என்று சொல்லிக் கொடுங்கள்.

3. கறியும் விற்பவர்கள் கோழியை நிழலில் இளைப்பாற விட்டு அறுத்து, கறியை உடனே குளிர வையுங்கள்.

4. கலர் கோழியைக் கலர் கோழி என்றே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பனை செய்யுங்கள்.

5. புகார் வந்தால் விசாரித்த பின்பே சரக்கைத் திருப்புங்கள்.

ஐந்தாவதை நான் கடைப்பிடிக்கவில்லை. உண்மை தெரிந்ததும் அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, நிறுத்திய கொள்முதலை மீண்டும் தொடங்கினேன். அந்த மூன்று மாதமும் அவர் அரவை இயந்திரத்தின் தவணை கட்ட முடியாமல் வளையலை அடகு வைத்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். நம் ஒரு சொல்லில் இன்னொருவர் பிழைப்பு இருக்கிறது. சரக்கை அறிந்து வணிகம் செய்வோம்.