செல்போனில் எடுத்த படம் காசாகுமா?



கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர் நம் அடி அண்ணாமலை. பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் பாதையும் தலை தலையாகத்தான் தெரியும். வருகிறவர்களில் பலர் கையில் கேமராவோ செல்போனோ இருக்கிறது. மலையை எடுக்கிறார்கள், கோயிலை எடுக்கிறார்கள், சாமியார்களை எடுக்கிறார்கள், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிற நம்மையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். "அந்தப் படத்தை எல்லாம் ஆன்லைன்ல வித்துக் காசு பண்றாங்களாமே, நாம ஏன் பண்ணக் கூடாது?" என்ற கேள்வி குழுக் கூட்டங்களில் வருகிறது. இதற்காக உள்கடன் போட்டுக் கேமரா வாங்கலாமா என்றும் பேச்சு அடிபடுகிறது.

நியாயமான கேள்விதான். வருமானம் உண்டா, உண்டு என்றால் எவ்வளவு, எங்கே ஏமாறுவோம் என்பதை இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வேலைக்காகக் கடன் வாங்கிக் கேமரா வாங்க வேண்டாம். ஏன் என்பது கணக்கைப் பார்த்தால் புரியும்.

படத்தை யார் வாங்குகிறார்கள்?

பத்திரிகைக்குப் படம் வேண்டும். பாடப்புத்தகம் போடுகிறவர்களுக்கு வேண்டும். உரம் விற்கிற கம்பெனி, பேங்க், சுற்றுலா நடத்துகிறவர் என்று எல்லோருக்கும் விளம்பரத்துக்குப் படம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பி எடுத்தால் செலவு அதிகம். அதனால் ஏற்கெனவே எடுத்து வைத்த படங்களை விற்கும் 'படக் கடை'கள் உருவாயின. கனடாவில் ஐஸ்டாக் 2000 இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஷட்டர்ஸ்டாக் 2003 இல் தொடங்கியது. இங்கிலாந்தில் அலமி, அடோபி கம்பெனியின் அடோபி ஸ்டாக் என்று இன்னும் பல இருக்கின்றன. கேமராக்காரர்தான் என்றில்லை, 18 வயது ஆன யாரும் இவற்றில் பல கடைகளில் கணக்குத் தொடங்கிப் படம் அனுப்பலாம். கணக்குத் தொடங்கக் காசு கிடையாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள், பின்னால் இதைப் பற்றி மறுபடி பேசுவோம்.

நம் ஊறுகாய் பாட்டிலைக் கடையில் வைத்து "வித்தா காசு குடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும். ஆனால் ஊறுகாய் ஒரு முறை விற்றால் தீர்ந்தது. படத்தை ஒருவருக்கு விற்ற பிறகும் இன்னொருவருக்கு விற்கலாம். நாம் விற்பது படத்தை அல்ல, அதைப் பயன்படுத்துகிற உரிமையை. படம் எடுத்தவருக்கே அது சொந்தம் என்று நம் நாட்டின் 1957 ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒருவர் கூலி கொடுத்து "எனக்காக எடுத்துக் கொடு" என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை கூலி கொடுத்தவருக்குப் போய்விடும். கல்யாண வீட்டில் கூலிக்குப் படம் எடுக்கிற நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது கணக்கு

படம் விற்றால் கடைக்காரர் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நமக்குத் தருகிறார். அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் முதல் 15 சதவீதத்தில் தொடங்கி, விற்பனை கூடக் கூட 40 சதவீதம் வரை. ஆனால் ஜனவரி முதல் தேதி வந்தால் எல்லோரும் மறுபடி 15 சதவீதத்துக்கு இறங்கிவிட வேண்டும். இந்த முறை வந்தபோது உலகம் முழுக்கப் படம் எடுக்கிறவர்கள் சண்டை போட்டார்கள். ஒன்றும் மாறவில்லை. மாதச் சந்தா கட்டி வாங்குகிறவருக்குப் படம் போனால் நம் பங்கு 10 சென்டாகக்கூட இருக்கலாம். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது எட்டரை ரூபாய்.

விற்றவுடன் அந்த எட்டரை ரூபாயும் கைக்கு வராது. அடோபி ஸ்டாக்கில் 25 டாலர் சேர்ந்தால்தான் பணம் கேட்க முடியும். 10 சென்ட் கணக்கில் பார்த்தால் 25 டாலர் சேர 250 முறை விற்க வேண்டும். 250 முறைக்கு ரூபாய் 2,125. ஐம்பது படம் ஏற்றிவிட்டு அடுத்த மாதம் சந்தாவுக்கும் தவணைக்கும் அதை நம்பி இருந்தால் என்ன ஆகும்? ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கிய ஜான் ஓரிங்கர் தன் கடையைத் திறக்கும்போது தானே எடுத்த 30,000 படங்களை வைத்துத் திறந்தார். ஒரு ஆள், 30,000 படம்! இந்த வியாபாரம் எந்த அளவில் நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரே படம் செய்கிறது. 'வயலில் நிற்கும் பெண்' என்று எழுதினால் படம் வந்துவிடும். 2023 இல் அடோபி கொண்டுவந்த அப்படிப்பட்ட ஃபயர்ஃபிளை என்ற கருவி, அந்தக் கடையில் மக்கள் ஏற்றி வைத்த படங்களைக் கொண்டே பழக்கப்பட்டது. நாம் அனுப்பும் படமும் அப்படிப் போகலாம். அது தப்பா சரியா என்று இங்கே தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் பொதுவான படங்களுக்கு விலை இனி ஏறாது என்பது எங்கள் எண்ணம்.

அதனால்தான் கடன் வாங்கிக் கேமரா வேண்டாம் என்கிறோம். வீட்டில் இருக்கிற செல்போன் போதும். இந்தக் கடைகள் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல், இன்றைய போன்கள் அதைவிட அதிகமே எடுக்கின்றன.

எந்தப் படம் விற்கும்?

பெரிய கோயில் ராஜகோபுரத்தின் படம் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. நாமும் ஒன்று சேர்த்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். வெளியூர்க்காரர் கிழக்கே நின்று எடுத்துவிட்டு ரயிலேறிப் போகிறார். நாம் மலைக்கு மேற்கே இருக்கிறோம். அடி அண்ணாமலையில் இருந்து பார்த்தால் மலையின் உருவமே வேறு. காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் எழும்புவதால் நம் பக்கம் மலை கறுப்பாகத்தான் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெயில் நேராக மலை முகத்தில் விழும், பாறை ஒவ்வொன்றும் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். இது இங்கே குடியிருக்கிறவருக்குத்தான் கிடைக்கும்.

அதைவிட முக்கியம் நம் வேலைகள். நாற்று நடுவது, மல்லாட்டைச் செடி பிடுங்கிக் காய் ஆய்வது, சாணி தட்டுவது, முறத்தில் புடைப்பது, குழுக் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து கணக்கு எழுதுவது. நம் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலையில் சாமை குத்துகிறார்கள், ஆரணியில் பட்டு நெய்கிறார்கள். இவற்றை வெளியிலிருந்து வருகிறவர் அரை மணி நேரம் நின்று எடுப்பார், அதில் வேலை தெரியாது, சேலை நிறம் மட்டும் தெரியும். வேலை தெரிந்தவர் எடுத்தால் கை எங்கே இருக்க வேண்டும் என்பது சரியாக வரும்.

எடுக்கும் முறை சுருக்கமாக: லென்சைப் பருத்தித் துணியால் துடையுங்கள். ஜூம் பண்ணாமல் நடந்து கிட்டே போங்கள். படத்தில் தேதி விழுகிற அமைப்பை நிறுத்துங்கள். பூ ஒட்டி, நிறம் மாற்றி அழகுபடுத்த வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அனுப்பாதீர்கள், அது சுருங்கிப் போயிருக்கும். கம்பெனிப் பெயர், டி.வி. சீரியல் போஸ்டர் எதுவும் பின்னால் தெரியக் கூடாது. படத்தோடு தேடும் சொற்களை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வேலையை அவளிடம் விடுங்கள். கோயிலுக்குள் செல்போனில் எடுக்கும் யோசனையே வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.

முகம் யாருடையது?

காசைவிட இதைத்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். முகம் அடையாளம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால் அந்த ஆள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கேட்பார்கள். குழந்தை என்றால் பெற்றவர் கையெழுத்து. கடிதம் இல்லாவிட்டால் செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் பயன்படும் படமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், எல்லாக் கடையிலும் அதுகூடக் கிடையாது.

"நம்ம அக்காதானே, கேட்டா கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்று நினைக்கலாம். அவர் எதற்குப் போடுகிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? அந்தப் படத்தை யார் வாங்கினார் என்று நமக்கே தெரியாது. உர மூட்டை விளம்பரத்தில் வரலாம், கடன் தருகிற கம்பெனி விளம்பரத்தில் வரலாம், ஏதோ ஒரு நாட்டில் 'ஏழைப் பெண்' என்று தலைப்புப் போட்டும் வரலாம். விற்ற பிறகு திருப்பி வாங்க வழி இல்லை. மகளுக்கு வரன் பார்க்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய பேச்சாகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டி, எங்கெல்லாம் வரலாம் என்று சொல்லி, வீட்டுக்குப் போய் யோசிக்க ஒரு நாள் கொடுத்து, பிறகு கையெழுத்து வாங்குவதுதான் முறை. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். விற்ற காசில் அவருக்கும் பங்கு தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் இல்லாமல் அந்தப் படம் இல்லையே.

கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்கள், பிச்சை கேட்கிறவர்கள் விஷயமும் இதேதான். நம்மைக் கேட்காமல் எடுத்தபோது நமக்கு எப்படி இருந்தது?

பேப்பர் வேலை

கணக்கை ஒரு ஆள் பேரில் தொடங்கலாம். பான் கார்டும் பேங்க் கணக்கும் வேண்டும். பணம் பேபால், பேயோனியர் போன்ற வழிகளில் வருகிறது. அமெரிக்கக் கடை என்றால் ஒரு வரிப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். நிரப்பாவிட்டால் அங்கே விற்ற படத்தின் காசில் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் எண்ணோடு நிரப்பினால் இந்தியருக்கு 15 சதவீதம்தான். குழுவாகச் செய்வதானால் யார் பேரில் கணக்கு, எடுத்தவருக்கு எவ்வளவு, ஆங்கிலத்தில் எழுதித் தந்த பிள்ளைக்கு எவ்வளவு என்று முதல் படம் ஏற்றும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காசு வந்த பிறகு பேசினால் சண்டைதான்.

கணக்குத் தொடங்கக் காசு கிடையாது என்று மேலே சொன்னோம். "பதிவுக் கட்டணம் 999 கட்டுங்க, மாசம் 30 ஆயிரம் நிச்சயம்" என்று வாட்ஸ்அப்பில் யார் சொன்னாலும் அது மோசடி. இதைவிட ஆபத்தான ஆள் காசு கேட்கமாட்டார். "வெளிநாட்டில இருந்து போட்டோ பணம் வரும், உங்க பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் மட்டும் குடுங்க, கமிஷன் தர்றோம்" என்பார். திருட்டுப் பணத்தைக் கைமாற்ற நம் கணக்கைப் பயன்படுத்துவார்கள். கணக்கு முடங்கும், போலீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும், அதே பேங்கில் இருக்கிற குழுக் கடனுக்கும் சிக்கல் வரலாம். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கையில் வந்த தொழிலை வேறு எங்கே காட்டலாம்?

படம் எடுக்கக் கற்றுக்கொள்வது வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் 1984 இல் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றார்கள். அவர்களில் காய்கறி விற்றவர்கள் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தங்கள் உறுப்பினர்களுக்குப் பயிற்சி தரவும், அதிகாரிகளிடம் தங்கள் கஷ்டத்தைக் காட்டவும் அவர்களே படம் பிடித்தார்கள். நம் மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனிகுமார், உழைக்கும் மக்களைப் படம் எடுத்து 2022 இல் தயாநிதா சிங் - பாரி விருது வாங்கினார். நாகப்பட்டினம் பக்கத்து மீனவப் பெண்களுக்கு அவர் கேமரா பிடிக்கச் சொல்லித் தந்திருக்கிறார். படக் கடைக்கு விற்பதற்காக அல்ல, தங்கள் வேலையைத் தாங்களே காட்டுவதற்காக.

நமக்கும் பக்கத்திலேயே வேலை இருக்கிறது. அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 'மதி' என்ற பெயரில் குழுப் பொருள்களை விற்கிறது. நம் குழுக்கள் செய்கிற சாமை முறுக்கு, ஊறுகாய், பாக்குமட்டைத் தட்டு இவற்றின் படத்தைப் பாருங்கள். இருட்டு அறையில், பின்னால் சிலிண்டர் தெரிய எடுத்தது. அதைப் பார்த்து யார் வாங்குவார்கள்? வாசலில் நிழலான இடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, பொருளை வைத்து, காலை வெளிச்சத்தில் நாலு படம் எடுங்கள். ஊறுகாய் கூடுதலாக விற்றால் போதும், படம் விற்கிற காசுக்கு அது ஒன்றும் குறைவில்லை. அதுவும் அந்த மாதமே கையில் வரும்.

செலவில்லாமல் முயன்று பார்க்க நினைக்கிறவர்கள் வருடம் முழுவதும் எடுத்து, நூறு நல்ல படம் சேர்ந்த பிறகு கணக்குத் தொடங்குங்கள். அதுவரை எடுத்த படங்களை வேறொரு மெமரி கார்டிலும் போட்டு வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் குழுவில் யார் வீட்டு போனில் படம் தெளிவாக வருகிறது? நம் படத்தை யாராவது கேட்காமல் எடுத்து எங்காவது பார்த்திருக்கிறோமா, அப்போது என்ன செய்தோம்? சம்மதக் கடிதத்தில் தமிழில் என்னென்ன எழுத வேண்டும்? பேசியதைப் பிரதிநிதிகள் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்.