இறைப்புக் குழாயும் பிறநாட்டுக் கட்டளைகளும்

ஆனையிறவு நீரேரியை அடுத்த நிலங்களில் இரும்புக் குழாய்க்கு ஆயுள் குறைவு. கனகராயன் ஆறு மாரியிற் கொணரும் நன்னீர் இந்நீரேரியிற் கலப்பினும், கோடையில் நீர் வற்றி உவர் மிகுகின்றது. சோளகக் காற்றும் உப்புத் துகளைச் சுமந்து வருகின்றது. உப்பளத்துக்கு ஏற்ற இவ்வியல்பே கமக்காரரின் குழாயை அரிக்கின்றது. இரணைமடுக் குளத்து நீர் பாயும் பரந்தன் பக்கத்து வயலுக்கு வாய்க்கால் உண்டு. கிணற்றை நம்பிய மரக்கறித் தோட்டத்துக்கோ இறைப்பு இயந்திரமே கதி. கடுங்கோடையில் இரண்டு நாள் இறைப்பு நின்றால் புதிதாக நட்ட மிளகாய்க் கன்று தப்புவது அரிது. ஆதலால், குழாய் வாங்குமுன் அது எந்த நாட்டுக் கட்டளைப்படி செய்யப்பட்டது என அறிதல் வேண்டும்.

நாகமுலாம் பூசிய இரண்டு அங்குலக் குழாயை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியக் கட்டளை பி.எஸ். 1387 நெடுங்காலம் வழக்கிலிருந்தது. 2004 இல் அதன் இடத்துக்கு பி.எஸ். ஈ.என். 10255 வந்தது. இந்தியக் கட்டளை ஐ.எஸ். 1239 ஆகும். பி.எஸ். 1387 இலும் இந்தியக் கட்டளையிலும் இக்குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர். சுவரின் தடிப்போ மெல்லிய வகையில் 2.9, நடுத்தர வகையில் 3.6, கனத்த வகையில் 4.5 மில்லிமீற்றர். நடுத்தரத்துக்கு நீலக்கோடும் கனத்ததற்குச் சிவப்புக்கோடும் இரண்டிலும் பொது. மெல்லிய வகைக்கு மட்டும் பிரித்தானியர் கபில நிறமும் இந்தியர் மஞ்சள் நிறமும் வைத்தனர். அமெரிக்கக் கட்டளை ஏ.எஸ்.ரி.எம். ஏ 53 இல் '40ஆம் அட்டவணை' எனப்படும் குழாயின் தடிப்பு 3.91 மில்லிமீற்றர். யப்பானியக் கட்டளை ஜே.ஐ.எஸ். ஜி 3452 இல் அது 3.8, வெளிவிட்டம் 60.5.

வெளிவிட்டம் ஒன்றாயிருப்பதால் மெல்லிய குழாயும் கனத்த குழாயும் பார்வைக்கு ஒன்றே. நிறக்கோட்டை எவரும் தீட்டலாம். தராசு பொய் சொல்லாது. ஆறு மீற்றர் நீளமுள்ள இரண்டு அங்குலக் குழாய், மெல்லியதாயின் ஏறக்குறைய 24½ கிலோகிராமும், நடுத்தரமாயின் 30 உம், கனத்ததாயின் 37 உம் நிற்கும். நாகமுலாம் இதனைச் சிறிது கூட்டும். நீலக்கோடிட்ட குழாய் 25 கிலோகிராமே நிற்குமாயின் அதனைக் கடையிலேயே விட்டுவிடுதல் நன்று.

'மெல்லிய குழாய் நீரின் அழுத்தத்தைத் தாங்காதோ?' எனச் சிலர் வினவுவர். தாங்கும். பிரித்தானியரும் இந்தியரும் வகுத்த சோதனை அழுத்தம் 50 பார். முப்பது மீற்றர் உயரத்துக்கு நீர் தள்ளும் இயந்திரம் தருவதோ மூன்று பார் அளவே. அழுத்தத்தால் அன்று, துருவினாலேயே குழாய் கெடுகின்றது. அதுவும் முதலிற் கெடுவது புரி வெட்டிய முனையே. இரண்டு அங்குலக் குழாயிற் புரியின் ஆழம் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். வெட்டியபின் மெல்லிய குழாயில் 1.4, நடுத்தரத்தில் 2.1, கனத்ததில் 3 மில்லிமீற்றரே எஞ்சும். முலாம் பூசியபின் புரி வெட்டினால் அவ்விடத்தில் நாகமும் போய்விடும். உவர்நீர் அங்கேதான் பற்றும். ஆனையிறவுப் பகுதியில் நடுத்தரத்துக்குக் குறைந்த குழாயை வாங்குதல் வீண் செலவு.

புரியிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. 1841 இல் இங்கிலாந்தில் விற்வேத்து என்பவர் 55 பாகைக் கோணப் புரியை வகுத்தார். அமெரிக்கரோ 60 பாகையைக் கைக்கொண்டனர். பிரிக்ஸ் என்பவர் வகுத்த குழாய்ப் புரி 1886 இல் அங்கே கட்டளையாயிற்று. பிரித்தானியப் புரியே இந்தியாவிலும் யப்பானிலும் பன்னாட்டுக் கட்டளை ஐ.எஸ்.ஓ. 7 இலும் நிலைத்தது. ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரையான குழாய்களிற் பிரித்தானியப் புரி அங்குலத்துக்கு 11. அமெரிக்கப் புரி 11½. இரண்டின் சரிவும் பதினாறுக்கு ஒன்றே. இந்த ஒற்றுமையே ஏமாற்றுகிறது. ஒன்றின் முனை மற்றதன் சொக்கெற்றில் இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகிவிடும். பொருந்திவிட்டதெனப் பொருத்துபவர் எண்ணுவர். அரை அங்குல, முக்கால் அங்குலக் குழாய்களில் இரு புரியும் 14 ஆதலின் முழுவதும் ஏறிய பின்னரும் கசியக்கூடும்.

இதனைக் கண்டறியக் கருவி வேண்டியதில்லை. ஐயமுள்ள குழாயின் புரியை, நன்கறிந்த குழாயின் புரியோடு பல்லுக்குப் பல் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலம் செல்வதற்குள் அரைப் புரி விலகித் தோன்றினால் அது அமெரிக்கப் புரி. பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது இச்சோதனை மிக அவசியம்.

தள்ளும் குழாயில் இணைப்புக் கசிந்தால் நீர் சிந்தும், கண்ணுக்குப் புலப்படும். உறிஞ்சு குழாயிலோ நீர் வெளிவராது, காற்றே உட்புகும். இயந்திரம் ஓடும், நீர் ஏறாது. இயந்திரத்தைக் கழற்றிப் பழுதுபார்க்குமுன், புட்வால்வு நீரைத் தாங்குமாறு உறிஞ்சு குழாயை நிரப்பி ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் அரும்பும் இணைப்பே குற்றவாளி.

உவர்க் கிணற்றிற் பித்தளைப் புட்வால்வை நாகமுலாம் பூசிய இரும்போடு நேராக இணைத்தால், பித்தளையை அடுத்த இரும்பு விரைந்து அரிபடும். இடையே பி.வி.சி. துண்டொன்றை வைத்தல் வேண்டும். கிணற்றுள்ளும் மண்ணுள்ளும் இலங்கைக் கட்டளை எஸ்.எல்.எஸ். 147 இன் முத்திரையுள்ள பி.வி.சி. குழாயைப் பயன்படுத்தி, வெயிலும் அதிர்வும் படும் மேற்பகுதிக்கு மட்டும் இரும்பை வைத்தல் சிக்கனமாகும். உரம் கரைத்த நீரை இரும்புக் குழாயிற் செலுத்தினால், அதன்பின் சற்றுநேரம் வெறும் நீரைப் பாய்ச்ச வேண்டும். எவ்வளவு நல்ல குழாயும் உவர்நீரை நன்னீராக்காது என்பதையும் சொல்லவேண்டியுள்ளது. கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கின் இறைப்பைக் குறைத்து நீர் ஊற விடுதல் வேண்டும்.

பொருத்தி முடிந்ததும் சொக்கெற்றுக்கு வெளியே தெரியும் புரிகளைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் நாகத்தூள் கலந்த வர்ணத்தை இருமுறை பூசுக.