குதிகாலை அமுக்கிப் பாருங்கள்



உங்கள் கடிதம் கிடைத்தது. 11 வயது மகன் மைதானத்திலிருந்து கெந்திக் கெந்தி வருகிறான், காலையில் எழுந்தால் குதிகாலை ஊன்றாமலே நடக்கிறான், பயிற்சியாளரோ ‘போட்டி வந்தாலே இவனுக்கு வலி வந்துவிடும்’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை நடிக்கவில்லை. அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்று மாலை அவனைக் குப்புறப் படுக்க வைத்து, குதிகாலின் இரு பக்கத்தையும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். ‘ஸ்’ என்று காலை இழுத்துக்கொண்டால் அநேகமாக அது ‘சீவர்’ வலிதான். பாஸ்டன் மருத்துவர் ஜேம்ஸ் சீவர் 1912இல் விவரித்தது. இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்முனை முழுதாகக் கூடியிருக்காது. இடையில் மெல்லிய குருத்தெலும்பு இருக்கும். பிள்ளை மளமளவென்று வளரும்போது எலும்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கெண்டைக்கால் தசை இறுகி, ஓடும் ஒவ்வொரு எட்டிலும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. கட்டாந்தரையில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். 15 வயதுவாக்கில் எலும்பு கூடியதும் தொல்லை போய்விடும். அதுவரை வலிக்கிற நாட்களில் ஓட்டத்தைக் குறைப்பது, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, ஷூவுக்குள் ஒரு குதிகால் மெத்தை, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவ்வளவே போதும்.

வலி மாத்திரை கொடுத்துக் களத்தில் இறக்குவதை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன். வேறு கோளாறு இருந்தால் அது மறைந்துவிடும். பாதத்தின் மேற்பக்கம் ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், வீங்கினால், ராத்திரித் தூக்கம் கெட்டால், நாலு எட்டு வைக்க முடியாமல் போனால், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள். மயிரிழை விரிசலாக இருக்கலாம். அது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வலி நிற்காவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள், இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். அதற்குள் எண்ணெய் தேய்த்துச் சுளுக்கெடுக்க யாரிடமும் கூட்டிப்போக வேண்டாம்.

தூர ஓட்டம் ஓடும் மூத்த மகளுக்கு நாலைந்து மாதமாக விலக்கு வரவில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தம்பியின் குதிகாலைவிட அந்த வரிதான் எனக்குக் கவலை. ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு காணாதபோது உடம்பு முதலில் விலக்கை நிறுத்தும். கூடவே எலும்பும் வலுவிழக்கும். அவள் பாதத்திலோ முழங்காலுக்குக் கீழோ வலி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வலி இல்லாவிட்டாலும் இந்த வாரமே மகளிர் நல மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். காலைப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள்.