சத்தம் அடங்கினால் சந்தேகப்படுங்கள்: ஜிப்ஸிக்கு டேப்பட் செட்டிங்

பெங்களூரு ராலிக்காரர்களுக்கு மாருதி ஜிப்ஸியைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1996-இல் வந்த 1.3 லிட்டர், எட்டு வால்வு, கார்புரேட்டர் எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. ராக்கர் நுனியில் ஒரு ஸ்க்ரூ, ஒரு லாக் நட், அவ்வளவுதான். ஸ்க்ரூ நுனிக்கும் வால்வு ஸ்டெம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியை நாம்தான் வைக்க வேண்டும்; அதுதான் டேப்பட் செட்டிங்.

காதால் கேட்டு, சத்தம் அடங்கும்வரை இறுக்கும் பழக்கம் பல ஷெட்களில் இருக்கிறது. எஞ்சினைக் கெடுப்பது அதுதான். வால்வு தன் சூட்டை சீட்டில் உட்கார்ந்துதான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாமல் இறுக்கினால் அது முழுதாக உட்காராது, விளிம்பு எரியும். முதலில் போவது எக்ஸாஸ்ட். பெங்களூருவோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காற்றின் அடர்த்தி ஏற்கெனவே குறைவு. கம்ப்ரெஷனையும் கசியவிட்டால் பவருக்கு எங்கே போவது?

இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் காலையில் வேலையைத் தொடங்குங்கள். ராக்கர் கவரைத் திறந்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் கையில் லேசாகச் சுற்றும். புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்புங்கள். புல்லி குறி பூஜ்யத்துக்கு வந்து, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் முதல் சிலிண்டரைக் காட்டினால் அது கம்ப்ரெஷன் டாப்.

இந்த நிலையில் பார்க்க வேண்டியவை: 1-ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வுகள், 2-இன் இன்டேக், 3-இன் எக்ஸாஸ்ட். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிய பின் 4-இன் இரண்டும், 3-இன் இன்டேக், 2-இன் எக்ஸாஸ்ட். கார்புரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக்.

எதையும் தளர்த்துவதற்கு முன் எட்டு இடைவெளிகளையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆறிய எஞ்சினில் இன்டேக்குக்கு 0.13 முதல் 0.17 மி.மீ.; எக்ஸாஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். உங்கள் மாடலின் மானுவலில் உள்ள எண்ணே முடிவானது.

ஃபீலர் கேஜ் தகடு வால்வு ஸ்டெம்முக்கும் ஸ்க்ரூ நுனிக்கும் நடுவில் லேசாக உரசி வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பிடித்து இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இன்டேக்கில் 0.13 நுழைய வேண்டும், 0.18 நுழையக் கூடாது என்று இரண்டு தகடுகளால் பார்ப்பது நல்லது. ஸ்டெம் தலையில் குழி விழுந்திருந்தால் தகடு குழிக்கு மேலே பாலம்போல நிற்கும்; கேஜ் காட்டுவதைவிட உண்மையான இடைவெளி அதிகம்.

ராலி கேம் போட்டிருக்கிறீர்களா? மானுவலை மறந்துவிட்டு, கேமுடன் வந்த தாளிலுள்ள அளவை வையுங்கள். அது சூட்டில் வைப்பதா ஆறிய பின் வைப்பதா என்பதையும் பாருங்கள். வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேமுக்கு மேலே சொன்ன இரு நிலை முறை சரிப்படாது. எக்ஸாஸ்ட் திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கையும், இன்டேக் ஏறக்குறைய மூடும்போது எக்ஸாஸ்ட்டையும் வையுங்கள்.

கேஸ்கெட்டைத் துடைத்து, மூடி, ஸ்டார்ட் செய்யுங்கள். சீரான லேசான 'டிக் டிக்' இருக்கட்டும், அதைத் துரத்தாதீர்கள். சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி இடைவெளி சுருங்கும், எஞ்சின் அமைதியாகும். அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள்: ஒரே எக்ஸாஸ்ட் ஒவ்வொரு முறையும் இறுகியிருந்தால், ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டே இருக்காமல் ஹெட்டை இறக்கி சீட்டைப் பாருங்கள்.