வானத்துக் கண்

சிதம்பரத்துக் கீழ வீதியில் நிற்கும் ஒருவன் அவ்வொரு வீதியையே காண்பான். கடைகளும் வண்டிகளும் மக்கள் கூட்டமும் அவன் பார்வையை மறைக்கும். அவனே கோபுரத்தின் உயரத்திலிருந்து நோக்குவானாயின், நான்கு தேர் வீதிகளும் கோயிலைச் சூழ்ந்து அமைந்த ஒழுங்கு தெற்றென விளங்கும். வீதிகள் மாறவில்லை; காண்பவன் நிற்கும் இடமே மாறியது. இவ்வுண்மை கால்பந்தாட்டத்திற்கும் பொருந்தும்.

கடலூர், பெண்கள் கால்பந்தாட்டத்தில் பெயர் பெற்ற ஊர். 2018ஆம் ஆண்டில் கட்டாக் நகரில் நடைபெற்ற தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில், தமிழ்நாட்டு அணி மணிப்பூர் அணியை 2–1 என்ற கணக்கில் வென்று முதன்முறையாக வாகை சூடியது. அவ்வணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். இந்திய அணியிலும் இடம்பெற்றவர். இத்தகைய வெற்றி போட்டி நாளில் மட்டும் பிறப்பதன்று. நாள்தோறும் செய்யும் பயிற்சியில் பிறப்பது.

பெரிய போட்டிகளுக்குரிய களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. அதில் அணிக்குப் பதினொருவராக 22 பேர் ஓடியாடுவர். எல்லைக் கோட்டருகே நிற்கும் பயிற்சியாளர்க்கு அருகில் உள்ளோர் தெளிவாகத் தெரிவர். தொலைவில் உள்ளோர் ஒருவரையொருவர் மறைத்து நிற்பர். பின்காவலர்க்கும் நடுக்களத்தார்க்கும் இடையே எத்துணை இடைவெளி விழுந்தது என்பதைத் தரையில் நின்று அளத்தல் அரிது. அவ்விடைவெளியே பகையணி புகும் வாயில்.

இக்குறையை நீக்கவே, படக்கருவி பொருத்திய ட்ரோன் என்னும் ஆளில்லா வானூர்தியை இக்காலத்துப் பயிற்சியாளர் பலர் பயன்படுத்துகின்றனர். பெரும்பாலும் அதற்கு நான்கு விசிறிகள் உண்டு. எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு ஒரு திசையிலும், மற்றை இரண்டும் அதற்கு மாறான திசையிலும் சுழல்வதால், ஊர்தி தான் சுழன்றுவிடாமல் வானில் நிலைத்து நிற்கும். சிறிய ட்ரோனின் மின்கலம் ஏறக்குறைய அரைமணி நேரமே தாங்கும். கடற்காற்று வலுத்த வேளையில் அதனைப் பறக்கவிடுதல் தகாது.

பயிற்சி முடிந்தபின் ஆட்டக்காரர் அனைவரும் அமர்ந்து அப்படத்தைக் காண்பர். பந்து வலப்பக்கம் சென்றபோது இடப்பக்கக் காவலர் உள்நோக்கி நகராமல் நின்றுவிட்டதை, அவர் தம் கண்ணாலேயே காண்பார். ஆசிரியர் நூறு முறை சொல்லியும் விளங்காதது ஒரு முறை கண்டவுடன் விளங்கும். எனினும், படம் பிழையைக் காட்டுமேயன்றித் திருத்தாது. மறுநாள் களத்தில் இறங்கித் திருத்திக்கொள்ளுதல் ஆட்டக்காரரின் கடமையாகும்.

இக்கருவியைக் கையாளுவதற்கு ஒழுங்கும் வேண்டும். இந்திய அரசு 2021ஆம் ஆண்டில் வகுத்த ட்ரோன் விதிகள், வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுத்துள்ளன. சிவப்புப் பகுதியில் அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. பச்சைப் பகுதியிலும் 400 அடி உயரமே எல்லை. படம் எடுக்கப்படுவோரின் இசைவைப் பெறுதலும் நன்மக்கள் பேணும் முறையாகும்.

சட்டத்தினும் மேலானது நேர்மை. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின்போது, செயின்ட் எட்டியென் நகரில் நியூசிலாந்து மகளிர் அணியின் பயிற்சியின்மீது ஒரு ட்ரோன் பறந்தது. அதனை இயக்கியவர் கனடா அணியின் பணியாளர் எனத் தெரிந்தது. உலகக் கால்பந்துக் கழகமான ஃபிஃபா, கனடா அணிக்கு 6 புள்ளிகளைக் குறைத்தது. 2,00,000 சுவிஸ் பிராங்கு தண்டமும் விதித்தது. தலைமைப் பயிற்சியாளர் உள்ளிட்ட மூவரை ஓராண்டு விலக்கி வைத்தது. ஆனால், அவ்வணியின் பெண்களோ தம் பிரிவில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் வென்று, கால் இறுதிக்குத் தகுதி பெற்றனர். வெல்லும் ஆற்றல் அவர்கள் கால்களிலேயே இருந்தது. மறைந்து பார்த்த கண் அவர்களுக்குத் தேடித் தந்தது பழி ஒன்றே.

கருவி ஒன்றே, அதனைத் தன் பிழையை நோக்கித் திருப்புவோன் வளர்கிறான், பிறர் மறைபொருளை நோக்கித் திருப்புவோன் தாழ்கிறான். உயரத்திலிருந்து காணும் கண்ணைப் பெற்ற நாம், உயர்ந்த உள்ளத்தையும் பெறுதல் வேண்டும்.