ஆச்சியின் இன்னொரு பெயர்

திருநெல்வேலி டவுண்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் அம்மா நேற்று ராத்திரி போனில் மனத்தாங்கலோடு பேசினாள். "ஆச்சி பேரை வைட்டின்னா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்கன்னு சொல்லுதா" என்றாள். பெங்களூரில் ஒரு குழந்தையைப் பிச்சம்மாள் என்று கூப்பிட முடியுமா என்று நீ கேட்டதில் தப்பே இல்லை. உன்னைக் கண்டிக்க இதை எழுதவில்லை. போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆச்சிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? அவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும், உன் பூட்டி பச்சை உடம்போடு முந்தானையை ஏந்திக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் போய் நின்றாள். நாலு நாள் முன்னால் வரை அந்த வீடுகளுக்கு மோர் கொடுத்தவள் அவள். அவர்கள் போட்ட அரிசியில் கஞ்சி வைத்துக் குடித்தாள். இது எங்கள் பிள்ளை இல்லை, பிச்சையாக வந்தது, இதை எடுத்துக்கொண்டு போகாதே என்று எமனிடம் சொல்வதற்காக அப்படிச் செய்தாள். அதே காரணத்துக்காகக் குப்பை மேட்டில் கிடத்தி எடுத்த பிள்ளைகள் குப்புசாமி, குப்பம்மாள் ஆனார்கள். மூக்குக் குத்திவிட்ட பிள்ளைகள் மூக்கன், மூக்கம்மாள். தவிட்டைக் கொடுத்து வாங்கியதாகப் பாவித்து வளர்த்த பிள்ளைகளும் உண்டு. தடுப்பூசி எல்லாருக்கும் எட்டாத காலத்தில் ஒரு தாய்க்குச் செய்ய முடிந்தது அதுதான்.

அதனால் அந்தப் பெயரைப் பிறக்கப்போகிற உன் பிள்ளைக்கு வைக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். அது எதற்காக வைக்கப்பட்டதோ அந்த வேலையை முடித்துவிட்டது. ஆச்சி எண்பது வயதைத் தாண்டி இருந்தாள். ஆனால் கேலிக்குப் பயந்து விட்டுவிடாதே. இன்னதென்று தெரிந்து விடு.

பெயர் விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். 1976-ல் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஜூன் மாதம், சேர்க்கைப் பதிவேட்டை நான்தான் எழுதினேன். ஒரு தாய் பெண்பிள்ளையைக் கூட்டிவந்து, பெயர் இசக்கி என்றாள். படிக்க வருகிற பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரா என்று நினைத்து, நானாகவே விமலா என்று எழுதினேன். அந்தக் காலத்தில் வாத்தியார்கள் பெயரையும் பிறந்த தேதியையும் கைக்கு வந்தபடி எழுதுவது சாதாரணம். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் வருகை எடுக்கும்போது விமலா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் வரிசையில் சிலேட்டைக் கட்டிக்கொண்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிறகு அந்தத் தாய் வந்தாள். படியேறவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே சொன்னாள்: "முப்பந்தல் இசக்கி அம்மனுக்கு நேந்துக்கிட்டுப் பெத்த பிள்ளை டீச்சர். பொறக்கதுக்கு முன்னாலேயே வச்ச பேரு. நீங்க கூப்பிடுதது தன்னைத்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பதிவேட்டில் மையால் எழுதியதை நினைத்தபடி அடித்துத் திருத்த முடியாது. அவள் வீட்டில் இசக்கியாகவும் காகிதத்தில் விமலாவாகவும் வளர்ந்தாள். இருபது வருடம் கழித்து, ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று, இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சான்று வாங்க அலைந்தாள். என்னிடமும் ஒரு கையெழுத்துக் கேட்டு வந்தாள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்காகப் பழைய பெயர் எல்லாமே நல்ல பெயர் என்று சொல்ல மாட்டேன். போதும்பொண்ணு என்று ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். வேண்டாம் என்றே பெயர் வைத்த ஊர்களும் உண்டு. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று, வந்து சேர்ந்த பிள்ளையின் நெற்றியில் எழுதி ஒட்டிய பெயர்கள் அவை. தினமும் காலையில் அந்தப் பெயரை உரக்க வாசிக்கிறவளுக்குத்தான் அந்த வலி தெரியும். அவை திரும்ப வரவே கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. ஊரார் தங்களைக் 'குப்பா', 'கருப்பா' என்று அதட்டிக் கூப்பிடுவதற்கென்றே பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்த சனங்கள், பிள்ளைகளுக்கு அன்பழகன், மலர்விழி என்று வைக்கத் தொடங்கியபோது அவர்கள் தலை நிமிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய்ப் பாட்டன் பெயரை விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நம் வீட்டுக்கு மட்டும்தான் பேசுகிறேன்.

ஒரு பெயருக்குப் பின்னால் காரணம் இருக்க வேண்டும், பிள்ளை கேட்டால் அதைச் சொல்ல ஆள் இருக்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். வ.உ.சிதம்பரனார் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கேட்டால் ஏதோ சிவன் பெயர் போலத்தான் தோன்றும். 1908-ல் தண்டனை பெற்றதோடு அவருடைய வக்கீல் சன்னதும் போய்விட்டது. அது திரும்பக் கிடைக்க உதவிய வெள்ளைக்காரர் வாலஸ். அந்த நன்றிதான் பெயராயிற்று. வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்டவர், ஒரு வெள்ளைக்காரர் பெயரை மகனுக்கு வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை கேட்டிருந்தால் சொல்ல எவ்வளவு பெரிய கதை இருந்திருக்கும், யோசித்துப் பார்.

நம் பக்கத்துப் பெயர்களில் பாதி, ஊரின் முகவரியைச் சொல்லிவிடும். காந்திமதி, நெல்லையப்பன் என்றால் இந்த ஊர். கோமதி, சங்கரன் என்றால் சங்கரன்கோவில். உலகம்மாள் தென்காசி. தாணுமாலயன் சுசீந்திரம். நாகூர் மீரான் என்று ஒரு பையன் வருவான், அவனுடைய உம்மா தர்காவுக்குப் போய் வேண்டிக்கொண்டது அந்தப் பெயரிலேயே இருக்கும். அருளப்பன், சின்னப்பன், சூசை என்று பிள்ளைகள் இருப்பார்கள். யோவானும் பவுலும் யோசேப்பும் நம் தெருவில் நடமாடிய பெயர்கள் அவை. என் பழைய வருகைப் பதிவேடுகளை இப்போது நினைத்தாலும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போவது போல இருக்கும். கடைசிப் பத்து வருடம் வாசித்த பதிவேட்டில் பெயர்கள் எல்லாம் 'ஷ்' என்றும் 'க்' என்றும் முடிந்தன. எந்த ஊர்ப் பிள்ளை என்று ஒரு பெயரும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகப் பட்டது.

பிறந்ததும் நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைக்க ஜோசியர் எழுத்துப் பட்டியல் கொடுத்திருக்கிறார் என்றும் உன் அம்மா சொன்னாள். அந்தப் பட்டியலை ஒருமுறை முழுக்கப் பார். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ என்று இருக்கும். திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங' என்று இருக்கும். ஙவில் தமிழில் என்ன பெயர் வைக்க முடியும்? ஆச்சி காலத்தில் நம் தெருவில் யாரும் எழுத்துப் பார்த்து வைத்ததாக எனக்கு நினைவில்லை. மாப்பிள்ளை வீட்டில் கட்டாயம் என்றால், தொட்டிலில் போடும்போது காதில் சொல்ல ஒரு பெயரை அந்த எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடுகிற பெயர் உங்கள் விருப்பமாக இருக்கட்டும்.

கூப்பிடுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நினைத்திருக்கும் பெயர்களை எல்லாம் மொட்டைமாடியில் நின்று வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார். நம் மொழியில் கூப்பிடுவதற்கென்று ஒரு வேற்றுமையே இருக்கிறது, எட்டாவது. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. முருகன் முருகா ஆவான். காந்திமதி என்ற பெயரைக் 'காந்திமதீ' என்று தெருக்கோடி வரை நீட்டலாம். 'க்ஷ்' என்று முடிகிற பெயரை வைத்து எப்படி நீட்டுவாய்? அந்தி நேரத்தில் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடும்போதுதான் இது தெரியும்.

அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், பெயரை அன்றே கொடுக்க வேண்டும் என்பதில்லை. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது எழுத்தெழுத்தாகச் சரிபார். 2023 அக்டோபர் முதல் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. இசக்கி அலைந்தது போல உன் பிள்ளை அலையக் கூடாது.

இனி உன் அம்மாவுக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் பிறப்பதற்குள் உன் பூட்டன் காலமாகிவிட்டார். நான் மட்டும் இரண்டு மூன்று வருடம் அவர் மடியில் இருந்திருக்கிறேன். அவர் ஆச்சியை ஒரு நாளும் பிச்சம்மாள் என்று கூப்பிட்டதில்லையாம். வடிவு என்றுதான் கூப்பிடுவார். காந்திமதி அம்மனுக்கு வடிவுடையம்மை என்றும் பெயர் உண்டு அல்லவா, அதிலிருந்து எடுத்தது. எமனுக்குக் கேட்கக் கூடாது என்று வீட்டுக்குள், அதுவும் மெதுவாகத்தான் கூப்பிடுவாராம். ஆச்சி கடைசி வருடம் படுக்கையில் இருந்தபோது, எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த என்னிடம் இதைச் சொன்னாள். "எங்க அய்யா போனப்புறம் அந்தப் பேரைச் சொல்ல ஆளில்லட்டி" என்றாள். ரேஷன் கார்டிலோ பத்திரத்திலோ அந்தப் பெயர் இல்லை. இப்போது எனக்கும் உனக்கும்தான் தெரியும்.

பெண்ணாகப் பிறந்தால் யோசித்துப் பார். நீயும் மாப்பிள்ளையும் மனதொத்து வேறு பெயர் வைத்தாலும் எனக்குச் சந்தோஷமே.

பையனாக இருந்தால், முதலில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரைக் கேள். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன், அதுதான் பேரன் ஆயிற்று. அவர் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்தின்போது உன் மாமியாரிடம் கேட்டேன். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள்.

அன்புடன்
பெரியம்மா